மாசாணி வேண்டாமென்று சொல்லவில்லை

"நான் ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்று நான் அறிவித்தபோது என் மனைவி மாசாணியம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செரிங்க" என்றாள்.

அவ்வளவுதான். நீங்களே சொல்லுங்கள், இது ஒரு பெண்டாட்டி சொல்கிற பதிலா? கட்டின புருஷன் ஆகாயத்தில் பறக்கப் போகிறேன் என்கிறான். கண்ணில் தண்ணீர் வேறு தயாராக நிற்கிறது. வெங்காயத்துக்கு வந்ததை என் பேரில் வரவு வைத்திருக்கக் கூடாதா? "ஐயோ, வேண்டாமுங்க" என்று ஒரு வார்த்தை. அதை எதிர்பார்த்துத்தானே வந்தேன்.

உங்களிடம் மறைப்பானேன். எனக்கு உயரம் ஆகாது. பீளமேட்டில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறேன். கிணற்றில் மோட்டார் இறக்கும்போதுகூட மேட்டிலிருந்து தள்ளி நின்று குரல் மட்டும்தான் கொடுப்பேன். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுகிறவள் மாசாணிதான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். அதற்கே எனக்குக் கொஞ்சம் கிறுகிறுக்கும்.

எல்லாம் பக்கத்து வீட்டுக் கிருபாசங்கரால் வந்த வினை. வெட்கிரைண்டர் செய்து விற்கிறவர். தொண்ணூற்றேழு தை மாசம் புதுக் கார் வாங்கினார். தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். நசுக்கிவிட்டு என் பழைய பியட்டைப் பார்த்து, "ஏனுங்ணா, இதை எப்பங்க மாத்தறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நசுங்கியது எலுமிச்சம்பழம் மட்டும் இல்லை.

"காருங்கறது ரோட்டுல ஊர்ற சாமானுங்க தம்பி" என்றேன். "நான் ஏரோப்ளேனே ஓட்டப் போறேன். காங்கேயம் ரோட்டுல கிளப்பு தொறந்திருக்கறாங்கல்ல, அங்க மைக்ரோலைட்டு கத்துக்குடுக்கறாங்க."

அன்று காலைப் பேப்பரில் படித்தது. என் வாய் கிளம்புவதற்கு ரன்வே தேவையில்லை.

தெரு அசந்துவிட்டது. என் திட்டம் சுலபமானது. ஒரு வாரம் பைலட் மாதிரி நடப்பது. பிறகு, "என்னங்க பண்றது, ஊட்டுல உடமாட்டேங்கறா" என்று பெருமூச்சு விடுவது. வீரம் எனக்கு, பழி மாசாணிக்கு. குடித்தனம் என்றால் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்வதுதானே? அவள் பங்கை அவள் வாங்கிக்கொள்ள மறுத்தால் நான் என்ன செய்வது?

மறுநாள் காலையில் கொஞ்சம் பயமுறுத்திப் பார்த்தேன்.

"மைக்ரோலைட்டுன்னா என்னன்னு தெரியுமா புள்ளே?"

"ஜீரோ வாட்ஸ் பல்புங்களா?"

"லைட்டுன்னா கனமில்லாத விமானம்."

அவள் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "அப்பறம் நீங்க எப்படிங்க அதுல?"

நான் அதைக் காதில் வாங்கவில்லை. "மூணு தினுசு இருக்குது. மொதலாவது பாராசூட்டு. மேல ஒரு கொடை, கீழ ஒரு நாற்காலி, பொறத்தால ஒரு காத்தாடி. அவ்வளவேதான். கொடை சுருங்குச்சுன்னா..."

"மழை வந்தா நனையமாட்டீங்க."

"ரெண்டாவது டிரைக்கு. மூணு சக்கர வண்டி மேல முக்கோணமாத் துணி ரெக்கை. கதவில்லை, கூரையில்லை. ஒரே ஒரு கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தொங்கோணும்."

"நல்லாக் காத்து வருமுங்க. உங்களுக்குத்தான் வேர்வை சாஸ்தியாச்சே."

"மூணாவது நெச ஏரோப்ளேன் மாதிரி. கைக்குக் குச்சி, காலுக்குப் பெடல். ஆனா எல்லாம் அலுமினியக் குழாயும் துணியும்தான். இஞ்சின் ஸ்கூட்டருது மாதிரி. நடுவானத்துல நின்னு போச்சுன்னு வெய்யி?"

"அது ஏனுங்க நிக்குது? நீங்க வித்த பம்ப்செட்டா?"

எனக்கு வந்த கோபத்தில் தோசை இறங்கவில்லை. நாலோடு எழுந்துவிட்டேன்.

சொன்னால் புரியாது, நேரில் காட்டினால்தான் வழிக்கு வருவாள் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பியட்டில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் குழாயையும் துணியையும் கண்ணால் பார்த்தால் தாலியைப் பிடித்துக்கொண்டு கதறுவாள் என்பது என் கணக்கு. தோளில் ஒரு பை மாட்டிக்கொண்டு வந்தாள். சாப்பாடு என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

பொட்டல் காடு. நடுவே மண் சமன் செய்த ரன்வே. தகரக் கொட்டகைக்குள் மூன்று விமானங்களும் நின்றன. வாத்தியார் பெயர் அமிர்தநாதன். ஏர்ஃபோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளும் லேசுப்பட்டவர் இல்லை.

"எதுல கத்துக்கலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் மாசாணியின் முகத்தைப் பார்த்தேன். அழுகை வருவதாகத் தெரியவில்லை. அவள் டிரைக்கின் ரெக்கைத் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜவுளிக்கடையில் பார்ப்பது போல.

"பாராசூட் சுலபம், ஆனா காத்துக்குத் தாங்காது" என்றார் வாத்தியார். "நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிற மாசத்துல அதை வெளிய எடுக்கவே முடியாது. டிரைக்குல கம்பியை முன்னால தள்ளினா மேல போகும், இழுத்தா கீழ வரும். குச்சி வச்ச விமானத்துல அப்படியே நேர்மாறு. தள்ளினா இறங்கும், இழுத்தா ஏறும்."

"ஏனுங் சார்" என்றாள் மாசாணி, "டிரைக்குல பழகிட்டு அப்பறமா இதுக்கு வந்தா, அவசரத்துல கை பழசையே செய்யாதுங்களா?"

வாத்தியார் அவளை உற்றுப் பார்த்தார். "இங்க வர்றவங்க மொதல்ல போட்டோ எங்க எடுக்கலாம்னுதாம்மா கேப்பாங்க. நீங்க கேட்டது சரியான கேள்வி. பின்னால பெரிய விமானம் ஓட்டற எண்ணம் இருந்தா மொதல்லயே குச்சி வச்சதுல பழகிடறது நல்லது."

என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை அந்த மனுஷன். மாணவன் நான். வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்.

அப்புறம் எடை மிஷினில் ஏறச் சொன்னார். ஏறினேன். முள் ஓடி முட்டி நின்றது. வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு பேரும் சேர்ந்து இவ்வளவுதான்னு ஒரு வரம்பு இருக்கு சார். நீங்களும் நானும் ஏறினா வண்டி கிளம்பாது. மன்னிச்சுக்கணும்."

என் நெஞ்சில் பாலை வார்த்தார். மாசாணியும் வேண்டாம், பழியும் வேண்டாம், சட்டமே என்னைத் தடுத்துவிட்டது. இதைவிடக் கௌரவமான தப்பித்தல் உண்டா? முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, "என்னுங்க பண்றது, நமக்குக் குடுத்து வெக்கலை" என்று காரைப் பார்த்துத் திரும்பினேன்.

"ஏனுங் சார், என்ற எடை செரியா இருக்குங்களா?"

திரும்பினால், மாசாணி மிஷின்மேல் நிற்கிறாள்.

"தாராளமா இருக்கும்மா. ஆனா சேலையோட ஏற முடியாது. பெடல்ல சிக்கிக்கும்."

"எதுக்கும் இருக்கட்டும்னு மகளோட சுடிதாரக் கொண்டாந்தேனுங்க" என்று பையைத் திறந்தாள்.

நான் சொன்னேனே, சாப்பாட்டுப் பை என்று. அதில் ஒரு முறுக்குகூட இல்லை. கல்யாணமான நாளாகச் சேலையைத் தவிர வேறு கட்டாதவள், எங்கள் மகள் லோகப்பிரியாவின் பச்சைச் சுடிதாரில், தலையில் ஹெல்மெட்டுடன் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். பக்கத்துப் பக்கத்து சீட்டு. வாத்தியார் வலப்பக்கம். "பெடல் ஒண்ணும் கஷ்டமில்லீங்க, தையல் மிஷின் மிதிச்ச காலுதானே" என்று அவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது. அந்தத் துணியும் குழாயும் தடதடவென்று ஓடிற்று. மண்ணை விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். வாத்தியாரிடம் அவள் பயிற்சிக்குப் பேரும் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பல்லடம் தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"பயமே இல்லையா உனக்கு?"

"இல்லாம எங்கீங்க. கெளம்பறப்ப கண்ண மூடிக்கலாமான்னு இருந்துச்சு. மேல போனதுக்கப்பறம் ஒண்ணுமில்லீங்க. தென்னந்தோப்பெல்லாம் வெளக்குமாத்தத் தலகீழா நட்டு வச்சாப்பல இருந்துச்சு. உங்களையும் பாத்தனுங்க. காருக்குப் பொறத்தால ஒளிஞ்சு நின்னீங்க."

"நெழலுக்கு நின்னேன்."

"அந்தப் பக்கந்தானுங்க வெய்யலு."

பிறகு அவளே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

"நான் வேண்டாம்னு சொல்லோணும்னு நீங்க காத்துக்கிட்டு இருந்தது எனக்கு மொத நாளே தெரியுமுங்க. பழனில மலைக்குப் போற விஞ்சுல ஏறாம நின்னுபோட்டு, ஊட்டுக்காரிக்குப் பயம்னீங்க. கவுன்சிலருக்கு நிக்கறேன்னு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டு, ஊட்டுல உடலைன்னீங்க. லோகுவப் பொண்ணு கேக்க வந்தவங்க, 'மாமியாக்காரி ரொம்பக் கண்டிசனாமா, கட்டுன புருசனையே மெரட்டுவாங்களாமா'ன்னு தரகர்கிட்ட விசாரிச்சுப்போட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. எத்தனை சங்கடமுங்க அது."

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"அதனால இனி நான் ஒண்ணையும் தடுக்கறதா இல்லீங்க" என்றாள்.

சூலூர் வரைக்கும் நான் கியர் மட்டும் மாற்றினேன்.

ஆனால் அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வருகிறேன், கேட்டருகே கிருபாசங்கர் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்.

"அக்கா எல்லாஞ் சொன்னாங்ணா. லைசென்சு வந்ததும் மொதல்ல உங்களத்தான் ஏத்திக்கிட்டுப் பறக்கறாங்களாமா. நீங்க ஒத்தக் கால்ல நிக்கறீங்களாமா. நாங்க தெருவோட வேன் புடிச்சு வாரோமுங்க."

நான் பதறாமல் சட்டத்தைக் காட்டினேன். "ஆசைதான் தம்பி. என்ற எடைக்கு ஒத்து வராதுன்னு வாத்தியாரே சொல்லிப்போட்டாரு."

"அதையும் அக்கா போன் போட்டுக் கேட்டுட்டாங்ணா. வாத்தியாரு எடத்துல அக்கா உக்காந்தா கனம் பாதி கொறஞ்சிருமாமா. நீங்க ஒரு பத்துக் கிலோ எளைச்சீங்கன்னாச் செரியா வருமாமா."

கை கால் கழுவாமல் நேரே சமையலறைக்குப் போனேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்றுதான் போனேன். மாசாணி மணையைப் போட்டுத் தட்டை வைத்தாள். பசி முன்னால் உட்கார வைத்தது. தட்டில் இரண்டே இட்டிலி.

"மிச்சமெங்க?"

"விமானத்துல லக்கேஜு ஆகாதாமுங்க" என்று சட்டினியை ஊற்றினாள்.