துண்டு கட்டிய தாய்மாமன்

மதிப்பிற்குரிய நாத்தனார் பெரியநாயகி அண்ணி அவர்களுக்கு,

கள்ளக்குறிச்சியிலிருந்து உங்கள் தம்பி மனைவி ஜெயசுதா வணக்கத்துடன் எழுதுவது. உளுந்தூர்பேட்டையில் நீங்களும் அண்ணனும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. இன்று எனக்கு அந்த முறை வரவில்லை. போனில் கேட்டால் பாதியிலேயே அழுதுவிடுவீர்கள், அப்புறம் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் கடிதம்.

பெண் பார்க்க வந்தபோது உங்கள் தம்பி தலை வழவழவென்று படிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வப்போது விதைக் கம்பெனி மீட்டிங் என்று விழுப்புரம் போவார். விதைக்கடை வைத்திருப்பவர், போகத்தான் வேண்டும் என்று நானும் டிபன் கட்டிக் கொடுத்தேன். போன வருடம் ஒரு மீட்டிங்கிலிருந்து மண்டை முழுக்கக் கொப்புளத்தோடு திரும்பினார். எந்தக் கம்பெனியில் மண்டையைப் பொசுக்கி அனுப்புகிறார்கள் என்று கேட்டதும்தான் உண்மை வந்தது. பிறவிச் சுருட்டை முடியாம், பெண் பார்ப்பதற்கு முன் நீங்கள்தான் விழுப்புரத்தில் ஒரு பார்லருக்குக் கூட்டிப்போய் நேராக்கினீர்களாம், அன்றிலிருந்து இவர் விடாமல் நேராக்கிக்கொண்டே இருக்கிறாராம். தோல் டாக்டர், "இன்னொரு தபா அந்த க்ரீம் பட்டா தலையில முடியே இருக்காது" என்று சொல்லிவிட்டார்.

விட்டார். விட்ட பிறகு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நுனியெல்லாம் துடைப்பம் மாதிரி நேராக நிற்கிறது, வேரெல்லாம் ஸ்பிரிங் மாதிரி சுருள்கிறது, ஒரே தலையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு குடியிருப்பது போல. சீப்பு கூடாது, விரலால்தான் கோத வேண்டும் என்கிறார். தேங்காய்ப்பூ துண்டு கூடாது என்று என் புது நைட்டியில் தலை துவட்டுகிறார். தலையில் தடவ, பால் காய்ச்சும் பாத்திரத்தில் ஆளி விதையைக் கொதிக்கவைத்து ஜெல் இறக்கி ஆறவைத்திருந்தார். சின்னசேலத்திலிருந்து வந்த என் அப்பா அதைக் கஞ்சி என்று நினைத்து உப்புப் போட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு முழுசாகக் குடித்துவிட்டு, "நல்லா எறங்குதும்மா, மாப்ளைக்குக் கொஞ்சம் எடுத்து வை" என்றார். இன்னொரு நாள் உங்கள் தம்பி வெள்ளிமலைக்கு மரவள்ளி விவசாயிகளைப் பார்க்க பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். பனி பட்டு முடி பொங்கிவிட்டது. வழக்கமாக இவரிடம் விதை வாங்கும் பாப்பாத்தியம்மா அடையாளம் தெரியாமல் இவரிடமே, "உங்க தம்பி வர்லீங்களா? அவரு கொஞ்சம் கம்மியா சொல்லுவாருங்க" என்று கேட்டிருக்கிறார்.

எல்லாம் பொறுத்தேன். திருநாவலூர் கோயிலில் நீங்கள் செய்ததை என்னால் பொறுக்க முடியவில்லை அண்ணி.

குழந்தைக்குக் காது குத்துவதற்குத் தாய்மாமன் மடிதான் வேண்டும். ஆனால் தாய்மாமன் தலை மட்டும் வேண்டாமா? அத்தனை சனத்துக்கு நடுவில், "இன்னாடா தலை இது, காக்கா கூடு கட்டிக்கீதா? போட்டோவுல அசிங்கமா வுழும், துண்ட எடுத்துக் கட்டு" என்றீர்கள். அவரும் கட்டிக்கொண்டார். குழந்தை அழுததைவிட அவர் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸிலும் துண்டை அவிழ்க்கவில்லை. "மறுபடியும் பார்லருக்குப் போயிடட்டா சுதா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "முடி கொட்டுனா மொட்டைன்னு சொல்லிக்கலாம். மொட்டைய யாரும் கேக்க மாட்டாங்க இல்ல" என்றார். அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார். பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட போட்டோவுக்காக அவர் தலையை மேசைமேல் சாய்த்து, மேலே துணி விரித்து, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தீர்களாமே. காதோரம் இருக்கும் தழும்பு சைக்கிளில் விழுந்தது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

"வுடு சுதா, அக்காதானே" என்கிறார். நான் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரை முக்காலியில் உட்காரவைத்து, ஜாக்கெட் வெட்டும் கத்தரியை எடுத்து, நேராக இருந்த முடியை எல்லாம் ஒட்ட நறுக்கித் தள்ளினேன். இடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போய்விட்டது. மிச்சமிருந்தது முழுக்கச் சுருள். கண்ணாடியில் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை தப்பென்று சொல்லாதவரை தீபாவளிக்கு நாங்கள் வர மாட்டோம், நீங்களும் இங்கே வர வேண்டாம். குழந்தைக்கு எங்கள் ஆசீர்வாதம். அண்ணனுக்கு வணக்கம். உங்களுக்கும் வணக்கம் உண்டு, வயதில் மூத்தவர் என்பதால்.

இப்படிக்கு,
ஜெயசுதா

பின்குறிப்பு: உறையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டீர்கள். உட்கார்ந்து முக்காட்டை எடுத்தீர்கள். காதுகுத்து போட்டோவுக்காக அதே பார்லருக்குப் போனீர்களாம், நெற்றியோரமெல்லாம் கொப்புளம். உங்களுக்கும் சுருட்டைதான் என்று அண்ணனுக்கே இன்றுவரை தெரியாதாமே. "தப்பு பண்ட்டேன்டா. நீ இன்னா தடவறேன்னு சொல்லு" என்று தம்பியிடம் கேட்டுவிட்டு அழுதீர்கள். அவரும் அழுதார். இப்போது அதே முக்காலியில் உங்களை உட்காரவைத்து விரலால் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறார், நான் உள்ளே டீ போட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனம் வரவில்லை. நீங்கள் கிளம்பும்போது ஜெல் டப்பாவோடு சேர்த்துப் பையில் வைக்கிறேன். முதலில் டப்பாவைத் திறங்கள்.