ஓட்டை அண்ணன் பாஸ் பண்ணிய பீஸ்

திருப்பூரில் பனியன் துணியில் குறை தேடும் செக்கிங் மாஸ்டர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆயுளில் ஒரு பீஸைக்கூட ‘பாஸ்’ என்று வாயால் சொல்லாதவர் எங்கள் ஓட்டை அண்ணன் ஒருவர்தான். துணியை, அடியில் விளக்கு எரியும் லைட் டேபிளில் விரித்து, பழுது தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். பழுதே இல்லாவிட்டால், “போகட்டும், பாக்கலாம்” என்பார், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையையும் வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிப்பார். அவர் குறை சொல்லாத ஓட்டை உளுந்து வடையில் மட்டும்தான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மூன்று மாதமாக வலது முட்டியில் வலி. தையல் மெஷின் மிதித்த வலி என்று தைலம் தேய்த்தேன். வீங்கிப்போய் படி ஏற முடியாமல் ஆனதும் எக்ஸ்ரே எடுத்தேன். டாக்டர் சாயங்காலம்தான் வருவார். அதுவரை பொறுக்க முடியாமல் படத்தை லைட் டேபிளுக்குக் கொண்டுபோன அறிவாளி நான்தான்.

ஓட்டை அண்ணன் படத்தை விரித்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

“என்னங்ண்ணா?”

“ஓட்டை கண்ணு. தொடையெலும்பு முட்டிகிட்ட முடியற எடத்துல, நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி இருக்குது. உள்ளார சோப்பு நுரையாட்டத் தெரியுது. மூட்டு வரைக்கும் வந்திருச்சு.”

“அப்படியே நின்னுக்குமுங்களா?”

“ஓரம் கெட்டியா இருந்தா நிக்கும். இதுக்கு ஓரமே கட்டல. ஓடற ஓட்டை கண்ணு, பெருசாகிட்டே போகும்.”

அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினார். காலை எடுத்துவிடுவார்கள் என்றே நினைத்து அங்கேயே அழுதேன்.

சாயங்காலம் அவரும் கூடவே வந்தார். டாக்டர் அம்பைப் பார்த்து, “எந்த எக்ஸ்ரே சென்டர்ல குறிச்சாங்க? கரெக்டா இருக்கே” என்றார்.

“பனியன் கம்பெனிங்க” என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. “ஜெயன்ட் செல் ட்யூமர் மாதிரி இருக்கு. பெரும்பாலும் கேன்சர் இல்ல. ஆனா விட்டா எலும்பை அரிச்சிட்டே போகும். கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணித்தான் உறுதியா சொல்ல முடியும்.”

‘செல்’ என்றதும் ஓட்டை அண்ணன் என் செல்போனைப் பிடுங்கி அணைத்தார். “பேன்ட் பாக்கெட்ல வெக்காதேன்னு எத்தன தடவ சொன்னேன்!”

டெஸ்டும் அதையே சொன்னது. கட்டியைச் சுரண்டி எடுத்து, எலும்புக்கான சிமென்ட் வைத்து அடைத்தார்கள். கால் தப்பியது. ஆனால் மறுபடி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. சில மாதங்களுக்கு ஒரு தடவை எக்ஸ்ரே. ஒவ்வொன்றும் முதலில் லைட் டேபிளுக்குத்தான் போகும். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, “போகட்டும், பாக்கலாம்” என்பார். என் உயிர் பாதி போய்விடும்.

மூன்றாம் வருஷப் படத்தைப் பார்த்தவர் ஸ்டிக்கர் டப்பாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாஸ், கண்ணு.”

இப்போது அவர் இல்லை. முட்டி லேசாக வலித்தாலே பழைய பயம் வந்துவிடுகிறது. கூடவே கண் அவரைத் தேடுகிறது.