சிவகங்காவுக்கு ஒரு சால்வை

கன்னடம் தெரியாதவனால் பெங்களூரில் யாருக்கும் ஆபத்து இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனால்தான் ஆபத்து. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், ஆம்பூரிலிருந்து வேலைக்கு வந்து ஆஸ்டின் டவுனில் அக்கா வீட்டில் தங்கியிருந்த நான், அந்த இரண்டாவது வகை.

அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர். குப்பையைக் குறைக்கும் கடை ஒன்றுக்கு விருது கொடுக்கலாம் என்று சங்கம் முடிவு செய்து, சரோஜம்மா நடத்தும் சிவகங்கா மெஸ்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தது. குப்பையைக் குறைத்ததற்கு ஒரு விருது என்பது வரை எனக்குத் தெரியும்; எந்தக் கடைக்கு என்பது தெரியாது. கடையைப் பற்றி மாமா என்னிடம் சொன்னது, "சிவகங்காவுக்குப் போய் ஞாயித்துக்கிழமை விழாவுக்குக் கூப்பிட்டுட்டு வாடா" என்பது மட்டும்தான். (அவர் 'மெஸ்' என்றும் சொன்னதாக அக்கா இன்றுவரை சாட்சி சொல்கிறாள்.)

நான் போய் நின்றது சிவகங்கா ஸ்வீட்ஸில். கல்லாவில் நாகராஜப்பா. என் கன்னடப் புலமையைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

"நிம்ம அங்கடிகெ கசத பிரசஸ்தி பந்திதெ" என்றேன். குப்பையைக் குறைத்ததற்கு விருது என்பது என் உத்தேசம். அவர் காதில் விழுந்தது, 'உங்கள் கடைக்குக் குப்பை விருது வந்திருக்கிறது.'

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தமிழ்லயே சொல்லுங்க தம்பி. எனக்கு வரும்."

குப்பையை விட்டுவிட்டு, விருது என்று மட்டும் சொன்னேன்.

"விருதா? எங்களுக்கு எதுக்கு?"

"அதெல்லாம் மேடையில சொல்வாங்க சார். குடும்பத்தோட வந்துடுங்க."

கிளம்பும்போது கால் கிலோ மைசூர்பாக்கைப் பெட்டியில் போட்டு, பெட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அது கிழிந்துவிடக் கூடாதென்று இன்னொரு கவரிலும் போட்டுக் கொடுத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் மைசூர்பாக்கைத் தின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஞாயிறு மாலை நாகராஜப்பா பட்டு வேட்டியில் வந்தார். பட்டுச் சேலையில் மனைவி, பட்டுப் பாவாடையில் இரண்டு மகள்கள். விழாவுக்கு டீ சப்ளை சரோஜம்மாதான். ஹாலின் பின்பக்கம் எவர்சில்வர் டம்ளர்களோடு நின்ற அவரைப் பார்த்து, 'சரி, ஆள் வந்தாச்சு' என்று மாமா நிம்மதியாகிவிட்டார்.

'சிவகங்கா' என்று மட்டும் பெயரை அறிவித்தார்கள். நாகராஜப்பா மேடை ஏறினார். மாமா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தார். இங்கே பார்சல் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து தூக்கு கொண்டுவர வேண்டும். மறந்து வந்தவருக்குக் கடைத் தூக்கையே இரவல் தருவார்கள். காய்கறித் தோல் மாட்டுக்குப் போகிறது, எச்சில் இலை எருக்குழிக்குப் போகிறது. பிளாஸ்டிக் கவர் என்ற பேச்சே கிடையாது.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாகராஜப்பாவின் மனைவி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா நிமிர்ந்தபோது சிறப்பு விருந்தினர் சால்வையைப் போர்த்தி முடித்திருந்தார். மாமாவின் பார்வை ஹால் முழுக்கத் தேடி என்னிடம் வந்து நின்றது. ஊருக்குத் தப்பி ஓட ஓசூர் பஸ் எத்தனை மணி வரை இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மைக்கை நாகராஜப்பாவே கேட்டு வாங்கினார்.

"இவர் படிச்சதுல ஒண்ணுகூட என் கடையில இல்ல" என்றார். "எல்லாம் சரோஜம்மா மெஸ்ல இருக்கு. நான் டெய்லி மத்தியானம் அங்கதான் ஊட்டா பண்றேன், எனக்குத் தெரியாதா? அந்தத் தம்பி கடை மாறி வந்துட்டார். பரவால்ல. நான் வாங்க வேண்டியதில்ல, கொடுக்க வேண்டியது."

சால்வையைக் கழற்றிக்கொண்டு இறங்கி ஹாலின் பின்பக்கம் வரை நடந்தார். சொந்த மகள்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மனிதர் அப்படி நடப்பதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று நான் ஹாலுக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சால்வையை மனைவியிடம் கொடுக்க, மனைவி அதைச் சரோஜம்மாவுக்குப் போர்த்தினார். அதன் பிறகு ஹாலில் எழுந்த கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

சரோஜம்மா மைக்கில் பேச மறுத்துவிட்டார். நாகராஜப்பாவிடம் மட்டும், "நாளைக்கு உங்க கடைக்கு வர்றேன். அந்தக் கவர் கட்டுகளையெல்லாம் எடுத்து உள்ள வெச்சிடுங்க" என்றார்.

சொன்னபடி போனார். அந்த வாரமே ஸ்வீட்ஸ் வாசலில், டப்பா கொண்டு வருபவருக்கு ஒரு ஜிலேபி இலவசம் என்று போர்டு தொங்கியது. அடுத்த வருட விருதை நாகராஜப்பா நிஜமாகவே வாங்கினார். அழைப்பதற்கு மாமா தானே நேரில் போய்வந்தார்.

எனக்குப் பெண் பார்க்கக் காக்ஸ் டவுன் போனபோது, மாமா எங்களைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுக் கதவு எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். ஏன் என்று பெண்ணின் அப்பா கேட்க, கதை முழுவதையும் (என் கன்னடம் உட்பட) நடித்தே காட்டினார். உள்ளே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

பிறகு காபித் தட்டோடு வந்த பெண், என்னைப் பார்க்காமல் தன் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்:

"பக்கத்து வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கே. இவர் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்காரா, கேட்டீங்களாப்பா?"

அவளைத்தான் கட்டிக்கொண்டேன். நான் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் இன்னமும் அதே கேள்விதான்: "சரியான கடைக்குத்தானே?"