எங்கள் ஓடையில் ஒரு மின் நிலையம்

சொந்தமாக ஒரு மின் நிலையம் கட்டுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து ஓடை இறங்குகிறது. பைப்பில் அதைக் கீழே விட்டால் டர்பைன் சுற்றும், பல்பு எரியும். என் மனைவி மசுயேயிடம் சொன்ன காரணம் இவ்வளவுதான்.

சொல்லாத காரணம் வேறு. எங்கள் பள்ளத்தாக்கில் ஆறு வீடுகள். கடைசியாக இருந்த ஹதானோ தம்பதியும் வசந்தத்தில் மகனிடம் போய்விட்டார்கள். இப்போது விளக்கு எரிவது எங்கள் வீட்டில் மட்டும். மசுயேயைத் தவிர பேச ஆளில்லாமல் ஓடையோடு பேசிப் பார்த்தேன். அதுவும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஒசாகாவில் மகள் நகிசா எங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறாள். பனி விழுமுன் போய்விடலாம் என்பது மசுயேயின் கட்சி. அப்பா வெட்டிய படிவயலை விட்டுப் போக எனக்கு மனமில்லை. தினமும் கவனிக்க வேண்டிய ஓர் இயந்திரம் இருந்தால் எப்படிப் போக முடியும்? இதுதான் என் திட்டம்.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. பைப்பின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் மலை ஏறினாள்.

"ஏங்க, இந்த வலை எதுக்கு?"

"தண்ணியோட இலை உள்ள போகாம இருக்க. தினம் காலையில வந்து வாரிப் போடணும்."

"ஒரு நாள் விட்டா?"

"அடைச்சுக்கும். மெஷின் நின்னுடும்."

"அப்போ வீட்டைப் பூட்டிட்டு எங்கயும் போக முடியாது."

"முடியாது," என்றேன், முடிந்த அளவு சோகமாக.

"இதுக்கு ரெண்டு பேர் வேணுமா?"

ஆமாம் என்றால் அன்றே வேலையை நிறுத்திவிடுவாள். "சேச்சே, ஒரு ஆள் போதும்."

"அப்படியா," என்று தன் சோற்று உருண்டையில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தின்றேன்.

இலைகள் சிவக்கத் தொடங்கியபோது பல்பு எரிந்தது. இருவரும் அதன் அடியில் நின்று பார்த்தோம். மறுநாள் காலை மசுயே பையோடு பஸ்ஸுக்கு நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"நகிசா வீட்டுக்கு."

"அப்போ நான்?"

"இலை வார ஆள் வேணுமே. ஒரு ஆள் போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

பஸ் வந்தது, போனது. ஓடைக்கே வழி காட்டிய எனக்கு அவள் தண்ணி காட்டிவிட்டாள்.

எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டேன். மேஜைக்கு எதிரே ஆளில்லாதது இன்னும் நன்றாகத் தெரிந்தது. முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தால் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நாற்பது வருஷமாக இதைக் கேட்கவிடாமல் அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். காலையில் மலை ஏறி இலை வாரினேன். இலைகளிடம் அவளைப் பற்றிக் குறை சொன்னேன். எதிர்த்துப் பேச அவற்றுக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு ஒரு காலை மலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் பல்பு மங்கி, சிமிட்டி, அணைந்தது. உடனே போன் செய்தேன்.

"மசுயே, மெஷின் நின்னுடுச்சு. இலை ரொம்ப ஜாஸ்தி. நானும் எவ்வளவோ பண்ணிப் பார்த்தேன்."

"அடப் பாவமே."

"இனிமே இங்க எனக்கு என்ன வேலை? நாளைக்கு அங்க வரலாம்னு பார்க்கிறேன். துணிமணி எடுத்து வைக்கணும், அதான்..."

"கையை வீசிட்டு வாங்க," என்றாள். "உங்க கம்பளிச் சட்டையெல்லாம் நான் வரும்போதே எடுத்துட்டு வந்துட்டேன்."