பின்னறை சர்வர்

பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டி தெருமுனையில் திரும்பினாலே அழகுராஜா போட்டது போட்டபடி எழுந்துவிடுவார். "பழைய இரும்பு, பிளாஸ்டிக், பித்தளை, பேப்பர்" என்று ஒலிபெருக்கி கத்தக் கத்த, ஓடிப்போய்ப் பின்னறை வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். உள்ளே அவருடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு காலத்தில் அவர் நடத்திய பிரவுசிங் சென்டரின் கடைசி வாரிசு அது. ஆளுக்கொரு செல்போன் வந்ததும் சென்டர் படுத்துவிட்டது. இப்போது அதே வரிசையில் ஒரு லாட்ஜுக்கு அவர் மேனேஜர். ரூம் சாவியைக் கொடுப்பதும் வாங்கி மாட்டுவதுமாகப் பொழுது போகிறது. தானும் ஒரு கம்ப்யூட்டர்காரனாக இருந்தேன் என்பதற்கு ஊர் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான். அதைக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

மனைவி முனீஸ்வரிக்கு வேறு கணக்கு. நாலு தெருவுக்கு ஜாக்கெட் தைக்கிறவள் அவள். தையல் மிஷின் கிடந்ததோ அடுப்படியை ஒட்டின நடையில். தாளிக்கிற எண்ணெய் அடுத்தவர் பட்டுத்துணியில் தெறித்துவிடக் கூடாதே என்று, குழம்பு கொதித்தால் மிஷினை நிறுத்துவாள், மிஷின் ஓடினால் அடுப்பை அணைப்பாள். பின்னறையில் ஜன்னல் உண்டு. வெளிச்சம் உண்டு. என்ன செய்ய, கம்ப்யூட்டரும் உண்டு.

"ஏங்க, அந்தப் பொட்டியை எப்பத்தான் தூக்குவீங்க?"

"அது பொட்டி இல்ல முனீசு. சர்வர்."

"சர்வரா? இந்த வீட்டுல சாப்பாடு போடுறது நாந்தானே?"

அன்றைக்கே அழகுராஜா ஒரு முடிவுக்கு வந்தார். அந்தக் கம்ப்யூட்டர் இல்லாமல் வீடே இயங்காது என்று ஆக்கிவிட வேண்டும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து டிவிக்குப் பின்னால் ஒட்டினார். படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்றே செய்த சாமான் அது. கூடவே ஒரு மெமரி கார்டு வந்தது. அதைச் சொருகினால் குட்டி தானாகக் கண் விழித்துக்கொள்ளும். அழகுராஜா அந்தக் கார்டைக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் போட்ட திட்டம் அப்படி. சுவிட்சைப் போட்டதும் குட்டி, வயர் வழியாகப் பின்னறைக் கம்ப்யூட்டரைக் கூப்பிட வேண்டும். அது தன் ஃபோல்டரைத் திறந்துவிட வேண்டும். அதிலிருந்துதான் குட்டி கண் விழிப்பது முதல் படம் காட்டுவது வரை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தாயில்லாமல் பிள்ளை எழுந்திருக்கக் கூடாது.

இந்த நேரம் பார்த்து எழுமலையிலிருந்து மச்சான் காளை போன் பண்ணினார். முனீஸ்வரியின் கூடப்பிறந்த அண்ணன்.

"மாப்ள, ஆர்த்திகா காதுகுத்து வீடியோ வந்துருச்சாம்ல? ஞாயித்துக்கெழம நானும் மலையம்மாளும் வாரோம். நான் கொண்டாந்த சீரைப் பெரிய டிவியில பாக்கணும்."

"நீங்க கொண்டாந்த சீருதானே மச்சான்?"

"முன்னாடி நடந்து வந்தவன் பின்னாடி வந்த தாம்பாளத்தை எப்புடிப் பாக்குறது? ஊரே பாத்துச்சு. நான் மட்டும் பாக்கல."

மகளுக்குச் சீர் கொண்டுவந்த தாய்மாமனின் நியாயமான குறை. இந்த இடத்தில்தான் முனீஸ்வரி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, அந்தப் பழைய பொட்டி இல்லைன்னா டிவியில ஓடாதா?"

"ஓடவே ஓடாது."

"அண்ணே கேக்குறாரு, சத்தியமாச் சொல்லுங்க."

கார்டுதான் குப்பைக்குப் போய்விட்டதே என்ற தைரியத்தில் அழகுராஜா நெஞ்சை நிமிர்த்தினார். "ஏ முனீசு, சர்வர் இல்லாம இந்தக் குட்டியில சீர் வீடியோ ஓடுச்சுன்னு வையி, நானே அதைத் தலையில சொமந்துக்கிட்டுப் போய்ப் பழைய இரும்புக்கடையில போட்டுட்டு வாரேன். மச்சான் சாட்சி! சர்வரால ஓடிருச்சுன்னா நீ அந்த ரூமைப் பத்தி வாயே தொறக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் முனீஸ்வரி.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையிலேயே சரி என்று அவள் சொன்னதில்லை. அப்போதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

லாட்ஜுக்கு லீவு சொன்னார். வீடியோக்காரர் கொடுத்த பென்டிரைவிலிருந்து படத்தைப் பின்னறைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நீல நிறத்தில் ஒரு வயரைப் பின்னறை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, கொல்லைச் சுவரோடு இழுத்து, முருங்கை மரத்தைச் சுற்றி ஹாலுக்குள் கொண்டுவந்தார். சுவிட்சைப் போட்டார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. ஃபோல்டரைக் காணோம் என்றது. தேடிப்பிடித்துத் திருத்தினார். அடுத்து, அனுமதி இல்லை என்றது.

"என்னாங்க சொல்லுது?"

"அனுமதி இல்லையாம்."

"பரவாயில்லையே. நேத்து வந்த பொட்டிக்கே இந்த வீட்டுல ஒங்க நெலவரம் தெரிஞ்சு போச்சு."

அழகுராஜா பல்லைக் கடித்துக்கொண்டார். இன்ன நம்பரிலிருந்து கேட்டால் கொடு என்று பின்னறைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தார். குட்டி வேறு நம்பரில் வந்து நின்றது. கண்டக்டர் மாதிரி ஆளுக்கொரு சீட்டு என்று அதற்கு நிரந்தரமாக ஒரு நம்பரைக் கிழித்துக் கொடுத்தார். அப்புறம் ஃபோல்டரைப் படிக்க மட்டும் விட்டிருந்தார், குட்டி எழுதவும் வேண்டும் என்று அடம்பிடித்தது. அதையும் கொடுத்தார். பின்னறைக்கும் ஹாலுக்கும் நடந்து நடந்து கால் வீங்கியது. நின்றுகொண்டே சாப்பிட்டார். தூக்கத்தில்கூட "அனுமதி, அனுமதி" என்றார். ஒரு கட்டத்தில் இரண்டு பெட்டிகளையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் விடவில்லை. விட்டால் போவது பெட்டி மட்டுமில்லையே.

சனிக்கிழமை பொழுது சாயும்போது திரையில் பாதிப் படம் வந்து அப்படியே உறைந்தது.

"பாதி வந்துருச்சு முனீசு! மீதி காலையில வந்துரும்."

"வரும் வரும். விடிஞ்சதும் கறி வாங்கிட்டு வாங்க. அண்ணனுக்கு நெஞ்செலும்பு புடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசை ஊருக்குத் தெரிந்ததுதான். அவர் பையும் கையுமாகத் திரும்பி வந்தபோது காளையும் அவர் மனைவி மலையம்மாளும் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை சோதித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. அழகுராஜா கண்ணை மூடிக் கள்ளழகரை வேண்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

திரை கண் விழித்தது. கருப்பு இல்லை, வெள்ளை எழுத்து இல்லை. படங்கள் பளிச்சென்று வரிசைகட்டி நின்றன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டிவிப் பக்கமிருந்து லேசாகப் பெருங்காய வாசம் வந்தது. கறிக்குழம்புக்கு எதற்குப் பெருங்காயம் என்று ஒரு நொடி யோசித்தார். அதற்குள் கொட்டுச் சத்தம் கிளம்பிவிட்டது.

மேலே பறந்த கேமரா எடுத்த படம். வெடி, மேளம், மாலை போட்ட கிடா, முன்னால் வேட்டியை மடித்துக்கட்டிக் காளை. பின்னால் தாம்பாளங்கள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன.

"ஆத்தி! இம்புட்டா கொண்டாந்தேன்?" என்றார் காளை. டிவிக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

அழகுராஜா எழுந்து நின்றார். "மச்சான், இந்தக் குட்டிக்குள்ள ஒண்ணுமே கெடையாது. வெறும் கூடு. அம்புட்டும் பின்னறை சர்வர்ல இருந்து நீல வயர் வழியா வருது. அங்க வயரைப் புடுங்குனா ஒங்க சீர் பாதி ரோட்டுலயே நின்னுரும்!"

"அப்புடியா மாப்ள!"

"சந்தேகமா இருந்தா முனீசைக் கேளுங்க."

முனீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவரு சொன்னாச் சரியாத்தாண்ணே இருக்கும்" என்றாள்.

அப்போது கை கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்த மலையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "ஏத்தா முனீசு, அந்த நீலக் கொடியில காயுதே, மாம்பழக் கலர் சேலை, எங்கத்தா எடுத்த?"

"எந்தக் கொடி?" என்றார் அழகுராஜா.

பதிலுக்கு நிற்காமல் ஓடினார். பின்னறை ஜன்னலிலிருந்து வயரை உருவி, அந்த முனையைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துத் தூணில் இறுக்கிக் கட்டியிருந்தது. முருங்கைக்கும் தூணுக்கும் நடுவே முனீஸ்வரியின் சேலையும் அவருடைய சொந்த வேட்டியும் காற்றில் ஆடின. பின்னறைக்குள் சர்வர் மின்சாரம்கூட இல்லாமல் கம்மென்று கிடந்தது. ஹாலில் மட்டும் மேளம் நிற்காமல் கொட்டியது.

திரும்பி வந்து டிவிக்குப் பின்னால் தலையை விட்டார். குட்டியின் ஒரு பக்கத்தில் வீடியோக்காரர் கொடுத்த பென்டிரைவ். அடிப்பக்கத்தில் கார்டு. மூக்கைத் துளைத்தது பெருங்காயம்.

"இது... இதைக் குப்பையில போட்டேனே!"

"கூடையில ஊசி, ஊக்கு கெடக்குதான்னு பாக்காம நான் என்னைக்குங்க குப்பையைக் கொட்டிருக்கேன்? கெடச்சுச்சு. பெருங்காய டப்பாவுல போட்டு வச்சேன். எப்புடிச் சொருகணும்னு குட்டி வந்த அட்டைப்பொட்டியிலயே படம் போட்டுருக்கு. சொருகு, சுவிச்சைப் போடு. அம்புட்டுத்தான்."

"நான் பாதி கொண்டாந்துட்டேன் முனீசு! இன்னும் ஒரு நாள் விட்டுருந்தா என் சர்வரும் ஓடியிருக்கும்!"

"ஓடியிருக்கும்ங்க. யாரு இல்லைன்னா? அது இல்லாமலும் ஓடுதுல்ல?"

அழகுராஜா மச்சானைப் பார்த்தார். தாம்பாளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே காளை சொன்னார். "சத்தியம் பண்ணது நீங்க மாப்ள. சாட்சின்னு என்னையத்தான் சொன்னீங்க. மேல பேசுனா எனக்குப் பாவம்."

அழகுராஜா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பின்னறைக்குப் போய், கம்ப்யூட்டரின் மேல் படிந்திருந்த தூசியைத் தோள் துண்டால் ஒரு தடவை துடைத்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே பையன்கள் வரிசையில் நின்றதெல்லாம் இதற்காகத்தானே என்று நினைத்துக்கொண்டார். பிறகு மூச்சைப் பிடித்துத் தூக்கினார். நல்ல கனம்.

"இருங்க, இருங்க. வெறுந்தலையில வைக்காதீங்க, வலிக்கும்" என்று முனீஸ்வரி ஓடி வந்தாள். கையில் ஒரு சும்மாடு. ஜாக்கெட் துணி மிச்சத்தை அடுக்கி, நடுவில் பஞ்சு வைத்து, விளிம்பெல்லாம் மிஷின் தையல் போட்டது. அவர் தலைக்கு அளவெடுத்த மாதிரி கனகச்சிதமாக உட்கார்ந்தது.

"இதை எப்ப தச்ச?" என்றார் அழகுராஜா.

"நீங்க சத்தியம் பண்ண அன்னைக்கேங்க."