அப்பா பேசுவார்

கோபக்காரர்களுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகவே கேட்கும், பாதி வாக்கியம் வரைக்கும். மீதியை நாங்களே முடித்துக்கொள்வோம். (நேரம் மிச்சம்.)

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். "அந்தச் சிவப்பு..." என்று யாராவது வாயைத் திறந்தால் சிவப்புத் துணியைக் கிழித்துவிடுவேன். "...வேணாம்" என்பது பிறகுதான் வரும். இப்படிப்பட்ட என்னைத்தான் தம்பி சுதா தனக்குப் பெண் கேட்கச் சொன்னான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் வேறு யார் போவது?

பெண் தர்ஷினி, கண்டி டவுனில் அவனோடு வேலை செய்பவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இப்போது இருப்பது தெல்தெனியவில். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று அவளிடம் போனில் சொன்னேன்.

"ஐயோ அக்கா, இப்ப வந்தா அப்பா பேசுவார். அதால..."

"பேசட்டும்மா! நாங்களும் பேசத்தானே வர்றோம்!" வைத்துவிட்டேன்.

மறுநாள் சுதா, "அக்கா, தர்ஷி இப்ப வர வேணாம்னு..." என்று இழுத்தான். "வெக்கம்டா" என்று அவன் வாக்கியத்தையும் நானே முடித்தேன்.

ஞாயிறன்று வெற்றிலைத் தட்டு, வாழைப்பழம், கேக், என் வீட்டுக்காரர், சுதா எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். முற்றத்தில் கதிரை போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தர்ஷினியின் அப்பா நிமிர்ந்தார்.

"ஆர் நீங்கள்?"

"பொண்ணு கேட்டு வந்திருக்கோம்ங்க."

"எந்தப் பொண்ணு?"

"உங்க பொண்ணுதான். ரெண்டு பேரும் விரும்புறாங்கல்ல?"

அவர் முகம் போன போக்கில்தான் புரிந்தது, அவருக்கு யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று. வாசலுக்கு வந்த தர்ஷினியை அவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க பிள்ளையத் திட்டுறீங்க? அப்பா பேசுவாருன்னுதானே சொன்னா!"

"பேசுறன்தானே!" என்று கத்தினார் அவர்.

கதவுக்குப் பின்னால் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவை மலைநாட்டுப் பக்கமப்பா. அங்க பேசுறதெண்டா கதைக்கிறது. நாங்கள் ஏசுறதை எல்லோ பேசுறதெண்டுவம்."

("கதைக்கிறது" எனக்குத் தெரியும். பேச்சுதான் என்னைக் கவிழ்த்தது.)

சுதாவின் முகத்தைப் பார்த்தேன். அவன் கல்யாணத்தை நானே தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதரோ சிரிக்கவில்லை.

"பாத்தியளே? இதுதான் எனக்குப் பயம். மூத்தவளைக் கொழும்பில குடுத்தம். அவள் வாயைத் திறந்தா அங்க சிரிக்கினம். இப்ப அவள் கதைக்கிறதே இல்லை."

'எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்லீங்க' என்ற பதில் நாக்கு நுனியில் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினேன். ருசியாக இல்லை.

"என்ன சொன்னா சிரிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். தேத்தண்ணீர் வந்து ஆறி ஆடை கட்டியது. நான் குறுக்கே ஒரு வார்த்தை போடவில்லை. (என் வீட்டுக்காரர் எனக்கு உடம்பு சரியில்லை என்றே நினைத்துவிட்டார்.) கடைசியில், "ஆறுதலா ஒருக்கா வாங்கோ, கதைப்பம்" என்றார்.

எங்கள் பக்கம் ஆறுதல் என்றால் எழவு வீட்டில் சொல்வது. பழைய ஆளாக இருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

"ஆறுதலான்னா என்னங்கய்யா?"

"அவசரமில்லாம எண்டு." அப்போதுதான் சிரித்தார்.

அவசரமில்லாமல் போனோம். கல்யாணமும் நடந்தது. நான் திருந்திவிட்டேனா என்று வீட்டில் இன்னும் பரீட்சை வைக்கிறார்கள். நேற்று தர்ஷினி, "அக்கா, இந்தச் சீலையில நீங்கள்..." என்று வேண்டுமென்றே நிறுத்தினாள். சாப்பாட்டு மேசையே என் வாயைப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"...கொஞ்சம் குண்டு" என்று முடித்தாள்.

அவளைப் பேசினேன். (அவள் ஊர்ப் பேச்சு.)