பரோட்டா அனுபானம்

எண்ணெய்ப் பரோட்டாவைப் பிரிந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் அலாவுதீன், நாற்பத்திரண்டாம் நாள் சாயங்காலம் கடையைப் பூட்டும்போது ஒரு முடிவுக்கு வந்தார். இனிப் பொறுப்பதில்லை.

அது 2006, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. பிரிவுக்குக் காரணம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. கொழுப்பு இருநூற்று எழுபது. டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, பரோட்டாவுக்கும் கறிக்கும் தடை போட்டுவிட்டார்.

"உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நிக்காவுக்கு மறுநாளே எனக்குத் தெரியும். இதுக்குப் போயி ஊசி குத்திப் பாத்திருக்காக" என்றாள் மனைவி பீவி ஜான். அன்றிலிருந்து கோதுமைக் கஞ்சிதான்.

அவர் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்? சனிக்கிழமை சாயங்காலம் பரோட்டாக் கடை வாசலில் நிற்க வேண்டும். கல்லில் எண்ணெய் தளும்ப, பரோட்டா முறுகி மிதப்பதைப் பார்க்க வேண்டும். ஆறு பரோட்டா, ஒரு தூக்குச் சால்னா. வீட்டுக்கு வந்து பீவியோடு ஒரே இலையில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். இப்போதெல்லாம் அந்தத் தெருப் பக்கமிருந்து காற்றடித்தாலே அவருக்குக் கண் கலங்கியது.

வழி காட்டியவர் பக்கத்துக் கடை ராக்கப்பன். பஸ் ஸ்டாண்டில் யாரோ விற்ற டப்பா ஒன்றை நீட்டினார். 'கொழுப்புக் கரைப்பான் சூரணம்.'

"மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, பொடி பாட்டுக்குப் பொடி. அப்புறம் எம்புட்டுப் பரோட்டானாலும் உள்ள தள்ளுங்க பாய். கரைஞ்சு ஓடிரும்."

நாலு நாள் ரகசியமாக நக்கினார். கொழுப்பு கரைந்ததோ என்னவோ, கெண்டைக்கால் வலி உயிரை எடுத்தது. வெளியே சொன்னால் பொடி போகும். பொடி போனால் பரோட்டா போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

ஐந்தாம் நாள் கஞ்சித் தட்டுக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தார்.

"பீவி, இது நாட்டு மருந்து. வைத்தியர் குடுத்தது. மாத்திரையோட இதையும் சாப்பிடணும்."

"சாப்பிடுங்க."

"சும்மா சாப்பிட்டா வேலை செய்யாது. அனுபானம் வேணும்."

"அப்படின்னா?"

"எதுல சேத்துத் திங்கணுமோ அது. இதுக்கு எண்ணெய்ப் பரோட்டா."

பீவி ஜான் டப்பாவைத் திருப்பிப் படித்தாள். "தேனுன்னுல்ல போட்டிருக்கு?"

"சிவகாசியில அச்சடிச்சவன் தப்பு. தீபாவளி ஆர்டர் அவசரத்துல பரோட்டாவைத் தேனாக்கிட்டான்."

"அப்ப, சால்னா?"

"அது... வைத்தியர் வாயால சொன்னாரு."

"எந்த ஊரு வைத்தியரு?"

தூரமாக ஓர் ஊர் வேண்டும். "ஏழாயிரம்பண்ணை."

"சரிங்க. மருந்துன்னா சாப்பிட்டுத்தான ஆகணும்" என்றாள்.

மறுநாள் அலாவுதீனுக்கு வியாபாரம் ஓடவில்லை. மூட்டை மூட்டையாக வத்தல் கிடந்தும் மூக்கில் சால்னா மணந்தது. சாயங்காலம் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினார். தட்டில் பரோட்டா இல்லை. ஒரு டம்ளர். உள்ளே பச்சையாக என்னவோ.

"என்னது?"

"அனுபானம். காலையில பஸ் ஏறி ஏழாயிரம்பண்ணை போயி வைத்தியரைப் பாத்துட்டு வந்தேன்."

அலாவுதீனுக்கு வேர்த்தது. இல்லாத வைத்தியரை எப்படிப் பார்த்தாள்?

"பா... பாத்தியா?"

"தங்கமான மனுசன். உங்களை ரொம்ப விசாரிச்சாக. பரோட்டா இளவட்டங்களுக்காம். அம்பது தாண்டினவுகளுக்குப் பாகக்காச் சாறாம்."

அப்படி ஓர் ஆளே கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் நாமல்லவா மாட்டுவோம்? மூடிக்கொண்டார்.

"டப்பாவை நம்ம டாக்டர்கிட்டயும் காட்டுனேன். நீங்க நொண்டுறதையும் சொன்னேன். என்ன கலந்திருக்குன்னு தெரியாத பொடியை இந்த மாத்திரையோட சேத்தா சதையே கெட்டுப் போகலாமாம். இனித் தொடக்கூடாதுன்னுட்டாக. நாளைக்கே டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கணும்." அவள் குரல் இறங்கியது. "கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா?"

அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "ஆசையா இருந்துச்சு பீவி. நீயாவது வாங்கித் தின்னிருக்கலாம்ல?"

"தனியா உக்காந்து தின்னா எனக்கு எறங்குமா? அன்னையிலருந்து நானும் கஞ்சிதான்."

இத்தனை நாளாக அவள் தட்டை அவர் பார்க்கவே இல்லை. அலாவுதீன் டம்ளரை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"அதான் பொடியை நிறுத்தியாச்சே. இந்தச் சாறு எதுக்கு?"

பீவி ஜான் டம்ளரை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினாள்.

"டாக்டரு பொடியைத்தான நிறுத்தச் சொன்னாக? அனுபானத்தை நிறுத்தச் சொல்லலையே. குடிங்க."